கேஸ் போட்டாயிற்று

மார்ச் 2

வாண்டுவின் அம்மாவுக்கு,

நீ சொன்னபடியே எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது, எழுதினாலாவது யோசித்து எழுதுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். கட்டின மனைவிக்குக் கடிதம் எழுதத் தபால் நிலையத்துக்குப் போய் ஸ்டாம்பு வாங்கினவன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு முறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாண்டுவோடு ஃபோனில் பேசலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாய். அதற்கு நன்றி.

தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிறவள் துணிமணியைக் கொண்டு போவாள், மெஷினையுமா கொண்டு போவாள்? எனக்குப் புரியாமல் இல்லை.

ஃபிரிட்ஜ் விஷயம். ஃப்ரீசருக்குள் ஐஸ் மெத்தை மாதிரி கனத்துக் கிடக்கிறது. ஆனால் ஐஸ் தட்டில் ஊற்றிய தண்ணீர் உறைவதில்லை. கீழ்த்தட்டில் ஒரு நாள் பால் திரிகிறது, மறுநாள் அதே பால் கல்லாகிறது. நடுவில் ஒரு நிலை இருப்பதே அதற்குத் தெரியவில்லை. போதுமான அளவு குளிர்ந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டியது தெர்மோஸ்டாட். கோளாறு அதில்தான், சந்தேகமே இல்லை. புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். முதலில் ஐஸை எடுக்க வேண்டும், பிறகு அதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். நடுமாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆள் இருக்கும்போதே அதைக் கீழே இறக்கி வைக்கிறவன் நான். இந்தச் சின்னப் பெட்டிக்கு வெளி ஆளைக் கூப்பிட்டால் வேலை செய்யும் இடத்தில் சிரிப்பார்கள்.

இது சரியாகிவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடலாம் அல்லவா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 8

வாண்டுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி ஃபிரிட்ஜ். குழந்தைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கட்டுக்குள் இருக்கிறது. ஊசி போடும்போது மட்டும் மருந்துப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். அவளாகவே ஆரம்பித்த வழக்கம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது வேண்டியதில்லை.

நடந்தது என்ன என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். ஐஸ் பிடிக்கவில்லை என்று நீங்களாகவே பழைய தெர்மோஸ்டாட்டின் திருகைத் திருப்பிவிட்டீர்கள். இரவு முழுக்க மோட்டார் நிற்கவே இல்லை. காலையில் அவளுடைய இன்சுலின் உறைந்து கிடந்ததைப் பார்த்தது நீங்கள். உள்ளங்கையில் வைத்து உருக்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். உறைந்து உருகின மருந்து பார்வைக்கு நல்ல மருந்து மாதிரிதான் இருக்கும், உடம்பில் வேலை செய்யாது. எனக்கு என்ன தெரியும்? அதையே ஏற்றினேன். அடுத்த வேளைக்கும் அதையே ஏற்றினேன். பிள்ளை வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். டாக்டர், "மருந்தை வீட்ல எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்ட பிறகுதான் உங்கள் வாய் திறந்தது.

மருந்து உறைந்ததற்காக நான் கிளம்பவில்லை. மெஷின் என்றால் கெட்டுப்போகத்தான் செய்யும். நீங்கள் என்னிடம் சொல்லாமல் விட்டதற்காகத்தான் கிளம்பினேன். இதில் எது உங்களுக்குப் புரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். லிஃப்ட் வேறு, ஃபிரிட்ஜ் வேறு. ஆழம் தெரியாமல் காலை விட்டது ஒரு தடவை போதும். மருந்து வைக்கலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தால் வருவதைப் பற்றி யோசிக்கிறேன். அதுவரைக்கும் இங்கேதான்.

மார்ச் 14

வாண்டுவின் அம்மாவுக்கு,

நீ எழுதினதை எல்லாம் படித்தேன். மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

வேலை நடந்துகொண்டிருக்கிறது. சமையலறை நடுவில் ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டிருக்கிறேன். அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்பிற்குப் போக வேண்டியிருக்கிறது. ஐஸை இளக்க அகலப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தினேன். அப்படியே விட்டால் தானாக விழும் என்பார்கள். எனக்குப் பொறுமை எவ்வளவு என்று உனக்குத் தெரியும். தரையெல்லாம் தண்ணீர். எதிர்வீட்டுப் பூனை வந்து பார்த்துவிட்டுக் காலை உதறிக்கொண்டு போயிற்று.

நேற்று ஒரு சின்னத் தடங்கல். அதையெல்லாம் எழுதி உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று பார்க்கிறேன். நானே சரிசெய்துவிடுவேன்.

வாண்டு போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் ஃபோனை வைத்துவிட்டாள். பெரியம்மா கூப்பிட்டாள் என்றாள். உண்மையில் கூப்பிட்டாளா?

மார்ச் 19

வாண்டுவின் அப்பாவுக்கு,

என்ன தடங்கல்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கலவரப்படுத்த வேண்டாம் என்று எழுதினால் கலவரப்படமாட்டேன் என்று யார் சொன்னது? அந்த வரியைப் படித்ததிலிருந்து ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன்.

இந்த வீட்டைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அத்தான் வக்கீல் குமாஸ்தா. எழுந்தால் கேஸ், சாப்பிட்டால் கேஸ், யார் யார்மேல் கேஸ் போட்டார்கள், யாருடைய கேஸ் தள்ளிப்போயிற்று, இதே பேச்சுதான். உங்கள் கடிதம் வருகிற நாளெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். நேற்று வாய்விட்டே கேட்டார். "ஒரு நோட்டீஸ் விடலாமா? சும்மா ஒரு மிரட்டல் மாதிரி." வேண்டாம் அத்தான் என்று சொல்லிவிட்டேன். அக்கா மூன்று வேளையும் அதையே ஓதுகிறாள். நானும் மூன்று வேளையும் மறுத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் மறுப்பேன் என்று தெரியவில்லை.

வாண்டு ஃபோனை வைத்தது அழுகையை உங்களுக்குக் காட்டக் கூடாது என்பதற்காக. பெரியம்மா கூப்பிடவில்லை.

இனிமேல் பூனைக் கதை வேண்டாம். வெளி ஆளைப் பார்த்தீர்களா இல்லையா, என்ன முடிவு, இரண்டே வரியில் எழுதுங்கள்.

மார்ச் 24

நீ கேட்டபடி சுருக்கமாக. இனி என்னால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. வெளி ஆளைப் பார்த்து, நேற்றுக் கேஸ் போட்டாயிற்று. இதற்கு மேலும் சரிவராவிட்டால் பழசைக் கட்டிக்கொண்டு அழாமல் வேறு பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

மார்ச் 28

உங்கள் இரண்டு வரி வந்தது.

இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. கையெழுத்துக்கூடப் போடவில்லை.

அத்தான் வாங்கிப் பார்த்தார். எந்தக் கோர்ட், என்ன நம்பர் என்று ஒன்றுமே போடவில்லையே, சம்மன் வரட்டும் என்றார். நான் போய்த் தையலில் உட்கார்ந்தேன். இங்கே எல்லோரும் நோட்டீஸ் விடு, நோட்டீஸ் விடு என்று குடைந்தபோது, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்களுக்காக நின்றவள் நான். அக்கா முகத்தில் இன்றைக்கு ஒரு திருப்தி. "நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

பழசு என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதக் கை வந்ததா? வேறு பார்த்துக்கொள்ளுங்கள். யார் வேண்டாம் என்றது? எனக்குக் கோபம் வந்தது, நிறைய வந்தது. அதற்குப் பிறகு வந்தது கோபம் இல்லை. வாண்டு படுத்திருந்த அறைக்குப் போய் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் எதிர்த்து வாதாடப் போவதில்லை. வீடு, பாத்திரம், கட்டில் எதுவும் வேண்டாம். ஒன்றுதான் கேட்பேன். அவள் மருந்து என் கையில் இருக்க வேண்டும், என் கையில் மட்டும். அதை எந்த ஜட்ஜிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

வாண்டுவை இன்று இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டேன். அப்பாவைக் கேட்க வேண்டாமா என்றாள். கேட்டாயிற்று என்று பொய் சொன்னேன்.

ஏப்ரல் 1

அடியே, அது கேஸ் இல்லை. கேஸ். ஃபிரிட்ஜுக்குப் போடுகிற கேஸ்.

எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் விழுகிறது, நான் என்ன செய்ய? ஃபிரிட்ஜின் குழாய்க்குள் ஓடி ஓடிக் குளிரைக் கொடுக்கிறதே, அந்த வாயு. அது முழுக்கப் போய்விட்டது. மெக்கானிக் வந்து புதிதாக நிரப்பினார். பழசு என்றது ஃபிரிட்ஜ், வேறு என்றது வேறு ஃபிரிட்ஜ். வாயால் சொல்லியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. எழுதச் சொன்னது நீ.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஃபோன் செய்தேன். சகலைதான் எடுத்தார். "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார். மனிதருக்கு என்ன வந்தது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டு இருந்தேன். மறுநாள் உன் கடிதம் வந்தது. பிரித்த இடத்திலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தையைப் பார்த்ததும் நான் உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டேன் என்று நம்பிவிட்டாயே. இருக்காது, வேறு ஏதாவது இருக்கும் என்று ஒரு நாள் பொறுக்கத் தோன்றவில்லையா? பள்ளி வரைக்கும் போய்விட்டாய். என் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதை நான் தபாலில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் ஆத்திரக்காரன், அவசரக்காரன், எல்லாம் சரி. உங்களைத் தூக்கிப் போடுகிறவனா?

கேஸ் ஏன் போயிற்று என்று நீ கேட்பாய். அதுதான் அந்தத் தடங்கல். ஐஸ் தானாக விழும்வரை காத்திருக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினேன். ஃப்ரீசர் சுவருக்குள்ளேயே அந்தக் குழாய் ஓடுகிறதாம். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், மொத்தக் கேஸும் போயிற்று. பசை வைத்து அடைத்துப் பார்த்தேன். பிறகு புது தெர்மோஸ்டாட்டை மாட்டிப் பார்த்தேன். மோட்டார் ஓடியது, குளிர்தான் வரவில்லை. கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் ஃபிரிட்ஜைப் பார்க்குமுன் அடுப்பைப் பார்த்தார். "சார், குத்துனப்போ இது எரிஞ்சிட்டிருந்துச்சா?" என்றார். ஒரு பக்கம் பால் காய்ந்துகொண்டுதான் இருந்தது. "இந்தக் கேஸ் தீப்பிடிக்கும் சார். நீங்க நல்லா இருக்கீங்க பாருங்க, அதே பெரிசு" என்று சொல்லிவிட்டு ஓட்டையை அடைக்க உட்கார்ந்தார்.

இப்போது ஓடுகிறது. ஐஸ் தட்டில் ஐஸ் பிடிக்கிறது, மோட்டார் நின்று நின்று ஓடுகிறது. வந்துவிடு.

ஏப்ரல் 6

வாண்டுவின் அப்பாவுக்கு,

முதல் வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அத்தானுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம், கேஸ் போய்விட்டதே என்று. இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. என் மேல் இருந்த கோபத்தில் எழுதியதால்தான் அதையும் எழுதினீர்கள். இல்லாவிட்டால் அதுவும் எனக்குத் தெரிந்திருக்காது.

நம்பிவிட்டேனே என்று கேட்கிறீர்கள். நம்பினேன், உண்மை. அது தப்புதான். ஆனால் ஏன் நம்பினேன் என்று யோசியுங்கள். குழாய் ஓட்டையானதை அன்றைக்கே எழுதியிருந்தால், கேஸ் என்று படித்ததும் எனக்கு ஃபிரிட்ஜ்தான் நினைவுக்கு வந்திருக்கும். நீங்கள் விட்ட இடத்தை நான் நிரப்பிக்கொண்டேன். நீங்கள் சொல்லாமல் விட்டால் நான் கெட்டதைத்தான் நினைப்பேன். அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு எனக்கு வேறு விதமாக நினைக்க வரவில்லை.

ஆக, ஃபிரிட்ஜ் சரியாகிவிட்டது, நீங்கள் சரியாகவில்லை. பள்ளியை மாற்றினது மாற்றினதுதான், இந்த வருஷம் இங்கேயே முடியட்டும்.

டாக்டரிடம் கேட்டேன். மருந்து வைக்கிற இடத்தில் அதே மாதிரி ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் வைத்துத் தினமும் காலையில் பாருங்கள், ஒருநாள்கூட உறையக் கூடாது என்றார். பழைய காலிப் பாட்டில் ஒன்றை இதோடு அனுப்புகிறேன். வையுங்கள்.

பார்த்துச் சொல்ல அங்கே நான் இல்லை. நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 13

வாண்டுவின் அம்மாவுக்கு,

பாட்டிலை வைத்தேன். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். வாண்டு மாதிரியே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நேற்றுவரை தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. நல்ல செய்தி எழுதலாம் என்று நேற்று இரவே இந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்திருந்தேன்.

இன்று காலை பாட்டிலின் அடியில் ஊசி மாதிரி ஒரு ஐஸ். முடி அளவுதான் இருக்கும். கையில் எடுத்த சூட்டிலேயே கரைந்துவிட்டது. கரைந்த பிறகு பார்த்தால் நல்ல தண்ணீர்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு நாள்தானே, இதை விட்டுவிடலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் உனக்குத் தெரியாது. நீ வந்துவிடுவாய். வீட்டில் வெளிச்சம் இருக்கும். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவு ரப்பர், தெர்மோஸ்டாட், எல்லாம் பார்த்தார். அவருக்கும் பிடிபடவில்லை. எனக்கும் என்ன காரணம் என்று தெரியவில்லை. நான் எதையும் கழற்றவில்லை. கைவைத்தால் இன்னும் கெடுப்பேன் என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் வர வேண்டாம். இந்த ஃபிரிட்ஜில் அவளுடைய மருந்தை வைக்க முடியாது.

ஏப்ரல் 17

உங்களுக்கு,

கடிதம் வந்தபோது அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். "என்னடி, சரியாயிடுச்சாமா?" என்றாள். "இல்லக்கா, மறுபடியும் உறைஞ்சிடுச்சாம்" என்றேன். "அதுக்கு ஏன்டி உன் முகம் இப்படி மலர்ந்திருக்கு?" என்று திட்டினாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்ப வேண்டும், திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளி. மருந்தை ஐஸ் பெட்டியில் கையோடு கொண்டு வருவேன், அதே பெட்டியில் கொண்டு போவேன். அந்த ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள், யாரும் தொட வேண்டாம். வேறு வாங்குவதா, அங்கே இருப்பதா, இங்கே இருப்பதா, எல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். சண்டை வந்தால் வரட்டும். எனக்கு இனி எழுதி ஆகாது.

உங்கள் கடிதத்தை வாண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். ஊசி மாதிரி ஐஸ் என்ற இடத்தில் மறுபடியும் படி என்றாள், படித்தேன். வர வேண்டாம் என்று முடித்திருந்ததையும் மறைக்காமல் படித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக் கிடந்தாளே, தூங்குகிறாள் என்று நாம் நினைத்தோம். தூங்கவில்லை.

"டாக்டர் கேக்காமலே அப்பா சொல்லிட்டாராம்மா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.